சரக்கு ரயிலும் பயணியர் ரயிலும் ஒரே சுரங்கத்தில்: தண்டவாள வடிவமைப்புக்குப் புதிதாக வருவோருக்கு

சிங்கப்பூரில் தண்டவாள வடிவமைப்பு வேலையில் இருக்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் எம்.ஆர்.டி. மெட்ரோ ரயில் திட்டங்களில் கை பழகியவர்கள். ஒரே வகை வண்டி, ஏறக்குறைய ஒரே வேகம், 5.8 மீட்டர் உள்விட்டத்தில் வட்டச் சுரங்கம், பெரும்பாலான தடங்களில் 750 வோல்ட் நேர்மின்சாரம். அப்புறம் ஒரு நாள் அலுவலகத்துக்கு வெளிநாட்டு வேலை ஒன்று வரும். பல கிலோமீட்டர் நீளச் சுரங்கம், 160 கி.மீ. வேகத்தில் பயணியர் ரயில், 80 கி.மீ. வேகத்தில் 2,000 டன் சரக்கு ரயில். இரண்டுக்கும் ஒரே பாதை. இங்கே சரக்கு ரயில் ஓடுவதில்லை என்பதால், பக்கத்து மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இருக்காது.

எனக்கும் இந்த வேலை அப்படித்தான் வந்து சேர்ந்தது. எதை முதலில் கேட்க வேண்டும், எதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. தரநிலைகளைப் புரட்டியும் பழைய வரைபடங்களைத் தோண்டியும்தான் பிடிபட்டது. அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் எந்தக் கணக்கும் தனியாகப் பார்த்தால் கடினமில்லை. வேகமான வண்டி ஒன்றைக் கேட்கும், கனமான வண்டி அதற்கு நேரெதிரானதைக் கேட்கும், தண்டவாளம் ஒன்றுதான் இருக்கிறது. தலைவலி அங்கேதான். அதனால் அறிக்கையில் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எந்த வண்டிக்கான எண் என்று குறித்துவிடுங்கள். பிற்பாடு கேள்வி வரும்போது பாதிப் பதில் அங்கேயே இருக்கும்.

1. வரையத் தொடங்கும் முன் கைக்கு வர வேண்டிய ஆவணங்கள்

முதலில் வண்டிப் பட்டியல். ஓடப்போகும் ஒவ்வொரு வகை ரயிலுக்கும் அதிகபட்ச வேகம், வழக்கமான வேகம், அச்சு எடை, மீட்டருக்கு எத்தனை டன், நீளம், ஆண்டுக்கு மொத்தம் எத்தனை டன் ஓடும் என்பதெல்லாம் வேண்டும். "கலப்புப் போக்குவரத்து" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், திருப்பிக் கேளுங்கள். ஐரோப்பிய முறைப்படி நடக்கும் திட்டம் என்றால் ஈ.என். 15528 தரநிலையில் உள்ள பாதை வகையைச் சொல்லச் சொல்லுங்கள். டி4 என்றால் அச்சுக்கு 22.5 டன், மீட்டருக்கு 8 டன். ஈ5 என்றால் அச்சுக்கு 25 டன், மீட்டருக்கு 8.8 டன். இரண்டுக்கும் இடையில் பிடிப்பான் (தண்டவாளத்தைத் தளத்தோடு பிடித்து வைப்பது), ஸ்லாப் (ஜல்லிக்குப் பதிலாகப் போடும் கான்கிரீட் தளம்) தடிமன், தண்டவாளத் தரம் எல்லாமே மாறலாம். நாம் பழகிய எம்.ஆர்.டி. வண்டியின் அச்சு எடை 20 டன்னுக்குள்தான். அந்தக் கோப்பைத் திறந்து எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் வேலை கெட்டுவிடும்.

"வழக்கமான வேகம்" என்பதை அழுத்திக் கேளுங்கள். சரக்கு ரயிலுக்கு அனுமதி 100 கி.மீ. என்று எழுதியிருப்பார்கள். சிக்னலுக்காக நின்று, மேட்டில் திணறி, அது உண்மையில் 60, 70 கி.மீ. வேகத்தில்தான் அந்த வளைவைக் கடக்கும். இந்த எண் மூன்றாம் படியில் தேவைப்படும்.

அடுத்ததாக, வண்டிகளின் வெளிக்கோட்டளவு, அதாவது சரக்கோடு சேர்த்து வண்டி பிடிக்கும் அகலமும் உயரமும். கண்டெய்னரா, லாரி டிரெய்லரை அப்படியே ஏற்றும் வேகனா என்று கேளுங்கள். ஆல்ப்ஸ் மலை வழியாகப் போகும் வழித்தடத்தில் நான்கு மீட்டர் உயர டிரெய்லர்கள் ஏறும். அதற்காகவே சுவிட்சர்லாந்தில் பல பழைய சுரங்கங்களைப் பெரிதாக்கினார்கள். இந்தியாவின் மேற்குச் சரக்கு வழித்தடத்தில் கண்டெய்னர் மேல் கண்டெய்னர் அடுக்கி ஓட்டுகிறார்கள். அங்கே மின்கம்பி உயரமே வேறு.

இவற்றோடு சுரங்கக் குறுக்குவெட்டும் அதன் கட்டுமானப் பிசகு வரம்பும், மின்சார முறை, தீப் பாதுகாப்புத் திட்டம், மேலே வீடுகளோ மருத்துவமனையோ இருந்தால் அதற்கான அதிர்வு வரம்பு, ஒரு வாரத்தில் பராமரிப்புக்கு எத்தனை மணி நேரம் பாதை மூடப்படும் என்ற தகவல் ஆகியவை வேண்டும். கடைசியாகச் சொன்னதை யாரும் தானாகத் தர மாட்டார்கள். கேட்டு வாங்குங்கள்.

செலவு என்று பார்த்தால், எல்லாத் தரநிலையையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் உள்கட்டமைப்பு விதி 1299/2014, சுரங்கப் பாதுகாப்பு விதி 1303/2014 இரண்டும் ஒன்றியத்தின் சட்டத் தளத்தில் இலவசம். திருத்தங்கள் சேர்ந்த பதிப்பை இறக்குங்கள். நம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் சிவில் வடிவமைப்பு அளவுகோலும் இணையத்தில் கிடைக்கிறது. காசு கேட்பவை ஈ.என். வரிசைதான்: வளைவு அமைப்புக்கு 13803, வெளிக்கோட்டுக்கு 15273, ஸ்லாப் டிராக்குக்கு 16432, பிடிப்பானுக்கு 13481. முதலில் அலுவலகத்தில் சந்தா இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எஸ்டோனியாவின் தரநிலை அமைப்பு அதே ஆங்கிலப் பதிப்பை மற்ற நாடுகளைவிடக் குறைந்த விலைக்கு விற்கிறது. தரநிலை வாங்குபவர்களிடையே இது பழைய ரகசியம்.

இங்கே ஒரு பொறி உண்டு. பழைய அறிக்கைகளில் "13803-1" என்று பார்ப்பீர்கள். 2017இல் அதன் இரண்டு பாகங்களையும் சேர்த்து ஒரே தரநிலையாக்கிவிட்டார்கள். பழைய எண்ணை அப்படியே நகலெடுத்தால் மறுஆய்வாளர் முதல் பக்கத்திலேயே உங்களை எடைபோட்டுவிடுவார்.

ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்று அட்டவணையில் எழுதிவிடுங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலை அன்றே மின்னஞ்சலில் எழுதி, "நீங்கள் சொன்னபடி" என்று அனுப்பிவையுங்கள்.

2. சுரங்கத்துக்குள் எவ்வளவு இடம் என்று பார்ப்பது

வரைபடத்தில் இருக்கும் வட்டத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். கட்டிய பிறகு எந்தச் சுரங்கமும் வரைந்த இடத்தில் இருக்காது. சுரங்கச் சுவரை உருவாக்கும் ஒவ்வொரு வளையத்தையும் (ரிங்) அளந்து, மையம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அட்டவணை போடும் வேலையை இங்கே எல்லோரும் ரிகிள் சர்வே என்றே சொல்வார்கள். அந்தத் தாளை ஒரு தடவை முழுதாகப் பாருங்கள். ரிங் எண், கூரை, தரை, இடது, வலது என்று நீள நீளமான வரிசைகள். பெரும்பாலும் 10, 20 மில்லிமீட்டர். திடீரென்று தொடர்ச்சியாக ஆறேழு ரிங்குகளில் 60க்கு மேல் போகும். அளவெடுக்கும் மூத்தவர் ஒருவர் தாளில் அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டி, "தம்பி, மெஷின் இங்கதான் வளைவுக்குள்ள திரும்பியிருக்கு, எப்பவும் இங்கதான் இடிக்கும்" என்றார். "அப்போ நேர்ப்பாதையில பார்க்க வேண்டாமாண்ணே?" என்று கேட்டதற்கு, "அதையும் பாருங்க, ஆனா முதல்ல இதைப் பாருங்க" என்று சிரித்தார். இன்றும் அந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

எம்.ஆர்.டி. பழக்கத்தில் நாம் தவறவிடும் கணக்கு ஒன்று உண்டு. வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்துகிறோம் அல்லவா, அந்த உயர்வைக் கேன்ட் என்கிறோம். கேன்ட் வைத்ததும் வண்டி உட்பக்கம் சாய்கிறது. தண்டவாள மையங்களுக்கு இடையே 1,500 மி.மீ. என்று கொண்டால், 150 மி.மீ. கேன்டுக்கு ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 100 மி.மீ. சாய்வு. நான்கு மீட்டர் உயரமுள்ள டிரெய்லரின் மேல்மூலை 400 மி.மீ. உள்ளே வந்துவிடும். மேல்பகுதி குறுகி வளைந்த மெட்ரோ வண்டிக்கு இது பெரிதாகத் தெரியாது. சதுர மூலை உள்ள வேகனுக்கு இதுதான் சுரங்கத்தின் அளவையே தீர்மானிக்கும். வளைவில் தண்டவாள மையத்தைச் சுரங்க மையத்திலிருந்து விலக்கி வைப்பது இதற்காகத்தான். அந்த விலக்கத்தைச் சுரங்கம் தோண்டும் குழுவுக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இயந்திரம் இறங்கிய பிறகு கொடுத்தால் சிரிப்பார்கள்.

வண்டிக்கு இடம் கிடைத்ததும் நடைபாதைக்கு இடம் விட மறக்காதீர்கள். ஐரோப்பிய விதிப்படி 500 மீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்தில் குறைந்தது 0.8 மீட்டர் அகலம், 2.25 மீட்டர் உயரத்துக்குத் தடையில்லாத நடைபாதை வேண்டும். இரட்டைச் சுரங்கம் என்றால் குறுக்கு வழிகள் 500 மீட்டருக்குள் ஒன்று. அமெரிக்காவின் தீப் பாதுகாப்புத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 130 படி போகும் நாட்டில் அது 244 மீட்டர். எந்த விதி என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு குறுக்கு வழியும் பெரிய காசு.

3. வளைவும் ஏற்றமும்

கலப்புப் பாதையின் நெஞ்சே இந்தப் படிதான். நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

1,435 மி.மீ. அகலப் பாதையில் ஒரு வளைவுக்குச் சமநிலைக் கேன்ட் (வண்டியை எந்தப் பக்கமும் தள்ளாத உயர்வு) கண்டுபிடிக்க எளிய வழி: வேகத்தைத் தன்னாலேயே பெருக்கி, 11.8ஆல் பெருக்கி, ஆரத்தால் வகுக்க வேண்டும். வேகம் கி.மீ.இல், ஆரம் மீட்டரில், விடை மி.மீ.இல். 2,000 மீட்டர் ஆர வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 160 கி.மீ. பயணியர் ரயிலுக்கு 151 மி.மீ. வருகிறது. 80 கி.மீ. சரக்கு ரயிலுக்கு 38 மி.மீ.தான்.

151ஐ வைத்தால் பயணிகள் சொகுசாகப் போவார்கள். ஆனால் சரக்கு ரயிலுக்கு 113 மி.மீ. கூடுதல். கூடுதல் கேன்டுக்கு வழக்கமான வரம்பு 110. வரம்பைத் தாண்டியாயிற்று. சரி, 38ஐ வைத்தால்? பயணியர் ரயிலுக்கு 113 மி.மீ. குறைவு. வரம்புக்குள்தான் இருக்கும், ஆனாலும் பயணிகளை வெளிப்பக்கம் தள்ளும். நடுவில் 90 என்று வைத்துப் பாருங்கள்: பயணியர் ரயிலுக்கு 61 குறைவு, சரக்குக்கு 52 கூடுதல். இரண்டும் சௌகரியம்.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். சரக்கு ரயில் உண்மையில் 60 கி.மீ. வேகத்தில் வந்தால் அதற்கு வேண்டியது 21 மி.மீ.தான், கூடுதல் 69 ஆகிவிடும். வேகம் குறைந்த கனமான சக்கரம் தன் எடையை உள்பக்கத் தண்டவாளத்தின் மேல் போடும். ஆண்டுக்கணக்கில் அது நடந்தால் அந்தத் தண்டவாளத்தின் தலை நசுங்கித் தட்டையாகி, ஓரத்தில் உலோகம் உதடு போலப் பிதுங்கும். கையால் தொட்டுப் பார்த்தால் கூர்மையாக இருக்கும். அதனால் நான் 90ஐக் காட்டிலும் 75, 80 பக்கம் சாய்வேன். சொகுசு கொஞ்சம் குறைந்தாலும் பயணி இறங்கிவிடப் போவதில்லை, தண்டவாளத்தை மாற்றச் சுரங்கத்தை மூட வேண்டியிருக்கும். எத்தனை டன் சரக்கு, எத்தனை பயணியர் ரயில் என்பதைப் பார்த்து நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் மூன்று வேகங்களுக்கும் கணக்கு போட்டு, அட்டவணையாக அறிக்கையில் காட்டுங்கள்.

ஆரத்தைப் பெரிதாக்கினால் இந்தச் சண்டையே தணிந்துவிடும். சுரங்கத்தில் அது சாத்தியமும்கூட, மேலே நிலம் கையகப்படுத்தும் தொல்லை குறைவு. பாதை அமைப்பு இறுதியாகும் முன் உங்களைக் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லி நச்சரியுங்கள். வழக்கமாகத் தண்டவாளக் குழுவைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள்.

ஏற்றம் அடுத்தது. 2,000 டன் ரயிலை ஒரு சதவீத ஏற்றத்தில் இழுக்க, எடையை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 200 கிலோநியூட்டன் வேண்டும். மூன்று சதவீதம் என்றால் 600. நான்கு அச்சு மின்இன்ஜின் ஒன்று கிளம்பும்போது தருவது சுமார் 300. எம்.ஆர்.டி. வண்டி கண்ணை மூடிக்கொண்டு ஏறும் ஏற்றத்தில் சரக்கு ரயில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்பாது. சுவிட்சர்லாந்தின் 57 கி.மீ. நீளமான கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கத்தில் ஏற்றத்தை 0.7 சதவீதத்துக்குள் வைத்ததற்கு இதுதான் காரணம். அதற்காக முழுத் தட்டையாகவும் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் ஓட வேண்டும்.

4. எந்த வகைப் பாதை

ஜல்லியா, ஸ்லாப்பா என்ற கேள்வி நீண்ட சுரங்கத்தில் பெரும்பாலும் ஸ்லாப் பக்கமே முடியும். ஜல்லி வாங்க மலிவு. ஆனால் ஜல்லிக்கு ஆழம் அதிகம் வேண்டும், ஆழம் அதிகமானால் சுரங்கம் பெரிதாகும், அங்கே மிச்சம் பிடித்த காசு போய்விடும். மேலும் ஜல்லியை இடிக்கும் இயந்திரத்தைச் சுரங்கத்துக்குள் அடிக்கடி அனுப்ப வேண்டும். இங்கே இரவில் ரயில் நின்ற பிறகு கிடைக்கும் மூன்றரை மணி நேரத்துக்குள் ஆள் இறங்கி, மின்சாரம் நிறுத்தி, வேலை முடித்து வெளியேறும் அவதியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரக்கு ரயில் ஓடும் பாதையில் இரவுகூடக் காலியாக இருக்காது.

ஸ்லாப்பிலும் வகைகள் உண்டு. ஸ்லீப்பரைக் கான்கிரீட்டில் புதைப்பது, தண்டவாளத்தைத் தாங்கும் இரும்புத் தகட்டை (பேஸ்பிளேட்) நேரடியாகத் தளத்தில் பூட்டுவது, மிதக்கும் ஸ்லாப், அப்புறம் ரப்பர் உறை மாட்டிய கான்கிரீட் கட்டைகளைத் தளத்தில் பதிப்பது. கடைசி வகைதான் கலப்புப் போக்குவரத்து நடக்கும், இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கத்திலும் கோட்ஹார்டிலும் இருக்கிறது. கட்டையைத் தனியாக எடுத்து மாற்ற முடிவது அதன் பெரிய வசதி.

பிடிப்பானின் இளக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம். எம்.ஆர்.டி.யில் மேலே உள்ள வீடுகளுக்கு அதிர்வு போகாமல் இருக்க இளகிய ரப்பர் போட்டுப் பழகியிருப்போம். அதே ரப்பரை 25 டன் அச்சுக்குக் கீழே போட்டால் தண்டவாளம் அதிகமாக அமுங்கும், வளைவில் தலைப்பக்கம் வெளியே சாயும், பாதை அகலம் விரியும். கனமான பாதையில் தண்டவாளம் சக்கரத்தின் கீழ் ஒன்றரை மில்லிமீட்டர் சுற்றளவில் அமுங்குவதை இலக்காக வைப்பது வழக்கம். அதிர்வு வரம்பு அதற்கு மேல் இளக்கம் கேட்டால், இளக்கத்தைத் தண்டவாளத்துக்கு அடியில் வைக்காமல் ஸ்லாப்புக்கு அடியில் கொண்டுபோங்கள். செலவு ஏறும், ஆகவே முழு நீளத்துக்கும் போடாமல், மேலே கட்டடம் இருக்கும் பகுதிக்கு மட்டும் போடுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புதிய பிடிப்பான் என்றால் ஆய்வுக்கூடச் சோதனை கட்டாயம். அதில் திரும்பத் திரும்பச் சுமையேற்றும் சோதனை மட்டும் 30 லட்சம் சுழற்சி. நொடிக்கு நான்கு என்று ஓட்டினால்கூட இரவுபகலாக ஒன்பது நாள் பிடிக்கும். மாதிரி தயாரிப்பு, கூடத்தில் இடம் கிடைப்பது, அறிக்கை என்று சேர்த்தால் மாதங்கள் ஆகும். "ஏற்கெனவே சோதித்த பொருள்" என்று விற்பனையாளர் காட்டும் சான்றிதழில் எந்த அச்சு எடைக்கு, எந்த வளைவு ஆரத்துக்குச் சோதித்தார்கள் என்று பாருங்கள். மெட்ரோவுக்குச் சோதித்த சான்றிதழை அப்படியே நீட்டுவார்கள்.

5. சக்கரம் உடைந்தால்

கலப்புப் பாதையில் பயணியர் ரயிலை நீங்கள் கட்டுப்படுத்தலாம். சரக்கு வேகன் எந்த நாட்டிலிருந்து, எந்தப் பராமரிப்பில் வருகிறது என்பது உங்கள் கையில் இல்லை. 2023 ஆகஸ்ட் 10 அன்று கோட்ஹார்ட் சுரங்கத்துக்குள் சரக்கு ரயில் ஒன்றின் சக்கரம் உடைந்து வண்டி தடம்புரண்டது. ஏழு கிலோமீட்டர் பாதையை மாற்ற வேண்டியிருந்தது. சேதம் சுமார் 15 கோடி சுவிஸ் பிராங்க். இரண்டு குழாயும் முழுதாகத் திறக்க 2024 செப்டம்பர் 2 ஆயிற்று. இங்கேயும் 2024 செப்டம்பரில் கிழக்கு-மேற்குத் தடத்தில் வண்டியின் அச்சுப் பெட்டி கழன்று தண்டவாளத்தை நாசமாக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அது திறந்தவெளியில் நடந்தது.

ஆகவே வடிவமைப்பில் மூன்று காரியம் செய்யுங்கள். சுரங்கத்துக்குள் பாயின்ட்களை (வண்டி ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடங்களை) கூடுமானவரை தவிருங்கள். கோட்ஹார்டில் வண்டி தடம் மாறியதும் பாயின்ட் இருந்த இடத்தில்தான். சக்கர வெப்பமும் சுமையும் அளக்கும் கருவிகளைச் சுரங்க வாய்க்குச் சில கிலோமீட்டர் முன்னால் வைக்கச் சொல்லிச் சிக்னல் குழுவுக்கு எழுதுங்கள். முன்னால் என்றால் வண்டியை வெளியிலேயே நிறுத்த முடிகிற தூரம். கான்கிரீட் தளத்தின் ஓரத்தை உயர்த்திக் கட்டினால் தடம்புரண்ட சக்கரம் சுவரில் மோதாமல் பிடித்துக்கொள்ளும். மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு வரும், நடைபாதையும் வடிகாலும் அதே இடத்தைக் கேட்பதால். வரைபடத்தில் முதலிலேயே இடத்தைப் பிடித்துவிடுங்கள்.

6. தண்டவாளமும் சுரங்க வாயும்

60ஈ1 தண்டவாளம், மீட்டருக்கு 60 கிலோ, பெரும்பாலும் போதும். வளைவுகளுக்குத் தலையைக் கடினமாக்கிய தரம் கேளுங்கள்.

சுரங்கத்தின் நடுவில் வெப்பநிலை அதிகம் மாறாது. சுரங்க வாயில் கதை வேறு. பற்றவைத்த 60ஈ1 தண்டவாளத்தில் ஒரு டிகிரி மாற்றத்துக்கு ஏறத்தாழ 18.5 கிலோநியூட்டன் விசை சேரும். 30 டிகிரிக்கு 555. குளிர்கால நாடாக இருந்தால் வாயிலிருந்து பல நூறு மீட்டர் உள்ளே வரை வெளிக்காற்று வீசும். ஆண்டு முழுக்க ஒரே வெயிலில் பழகிய நமக்கு இது உறைக்காது. அந்த நாட்டு வானிலைத் தரவை வாங்கி, நடுப்பகுதிக்கும் வாய்ப்பகுதிக்கும் தனித்தனி அழுத்தமற்ற வெப்பநிலையை (தண்டவாளத்தில் இழுவிசையோ அமுக்கமோ இல்லாத வெப்பநிலையை) குறிப்பிடுங்கள்.

வாய்க்கு வெளியே ஜல்லி, உள்ளே ஸ்லாப் என்றால் இரண்டுக்கும் நடுவில் விறைப்பு படிப்படியாக மாற வேண்டும். இல்லாவிட்டால் 25 டன் அச்சுகள் அந்த எல்லையிலேயே ஜல்லியைப் பள்ளமாக்கிவிடும். விறைப்பு மாறும் இந்த இடைப்பகுதியை வாய்க்கு உள்ளே வைக்காமல் வெளியே வையுங்கள், சரிசெய்ய எளிது.

7. தண்ணீர், தீ, மின்சாரம்

2017 அக்டோபர் 7 அன்று பீஷானுக்கும் பிரேடலுக்கும் இடையே சுரங்கத்தில் மழைநீர் நிறைந்து ரயில் நின்றது. நீரேற்றும் அமைப்பு வேலை செய்யாததுதான் காரணம். வடிகால் என்பது குழாயின் அளவு மட்டுமல்ல என்பதற்கு இதைவிட உள்ளூர் உதாரணம் வேண்டாம். சரக்கு ரயில் வந்தால் இன்னொன்றும் சேர்கிறது: எண்ணெய், அமிலம் போன்றவை கொட்டலாம். மலை ஊற்றிலிருந்து வரும் சுத்தமான நீரையும் பாதையின் அழுக்கு நீரையும் தனித்தனிக் குழாயில் விடுங்கள், எரியும் திரவம் வடிகால் வழியே அடுத்த பகுதிக்குப் பரவாமல் இருக்க நீர்ப்பூட்டு வையுங்கள். கால்வாய்ச் சுரங்கத்தில் 1996இலும் 2008இலும் நடந்த பெரிய தீ விபத்துகள் லாரி ஏற்றிச் சென்ற ரயில்களில்தான். தீயணைப்புத் துறை உங்கள் வரைபடத்தைப் பார்க்க ஒரு மாதமாவது கேட்பார்கள், சீக்கிரம் அனுப்புங்கள்.

மின்சாரத்தில் நம் பழக்கம் நேர்மின்சாரக் கசிவைத் தடுப்பது. கலப்புப் பாதை பெரும்பாலும் 25 கிலோவோல்ட் மாறுமின்சாரம். அங்கே கவலை, ஸ்லாப்பின் கம்பிகளைச் சேர்த்துத் தரையிணைப்புச் செய்வதும் சிக்னலுக்கு இடையூறு வராமல் பார்ப்பதும். ஸ்லாப் கம்பிக்கூட்டை வரைவதற்கு முன்பே மின்சாரக் குழுவின் தேவையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு இணைப்புத் தகடு கேட்டால் தளத்தை உடைக்க வேண்டும்.

8. சமர்ப்பிப்பு, மறுஆய்வு, அட்டவணை

கருத்து வடிவம், முதற்கட்டம், விரிவான வடிவம் என்று மூன்று நிலை. ஒவ்வொன்றுக்கும் மறுஆய்வுச் சுற்று ஒன்றுக்கு மூன்று, நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சுற்றில் முடியும் என்று உங்கள் மேலாளர் அட்டவணை போட்டால், இரண்டு என்று திருத்தச் சொல்லுங்கள். ஆவணங்கள் கைக்கு வருவதற்கே ஒன்றிரண்டு மாதம் போகும். பிடிப்பான் சோதனை அதற்குப் பக்கத்திலேயே ஓட வேண்டும், பின்னால் அல்ல.

அனுப்ப வேண்டியவை: வடிவமைப்பு அடிப்படை அறிக்கை, வளைவு அட்டவணை, குறுக்குவெட்டுகள், பாதைவகை ஒப்பீடு, இடைமுக ஆவணம், அபாயப் பதிவேடு, வாழ்நாள் செலவுக் கணக்கு. கடைசியில் உள்ளதில் பாதை மூடும் நேரத்தின் விலையையும் சேருங்கள். அதை விட்டுவிட்டால் ஜல்லி எப்போதும் மலிவாகத்தான் தெரியும்.

மறுஆய்வுக் குறிப்புகளுக்குப் பதில் எழுதும் தாளில் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று மட்டும் எழுதி மூட முயலாதீர்கள், அடுத்த சுற்றில் அதே குறிப்பு திரும்பி வரும். எந்த வரைபடம், எந்தத் திருத்தம், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். வண்டி சம்பந்தமான குறிப்பு என்றால், முதல் படியில் வாங்கிய வண்டிப் பட்டியலின் திருத்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். நடுவில் சரக்கு நிறுவனம் வேகனை மாற்றியிருந்தால் அது அங்கேதான் வெளிப்படும். அப்படி மாற்றியிருந்தால் இரண்டாம் படியிலிருந்து மறுபடி கணக்கு போட வேண்டும், அதற்கான கூடுதல் நேரத்தையும் கட்டணத்தையும் அன்றே எழுதிக் கேட்டுவிடுங்கள்.